சிவப்பு அட்டைப் பெட்டி: வாங்கலாம், சில அட்டைகளைத் திருத்திவிட்டு

ஆங்கில மரபுத்தொடர்களைச் சொல்லித் தரும் அட்டைகள் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் தொடர், மறுபக்கம் பொருள், அதோடு சரி. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். இந்த வருடம் என் பதினொன்றாம் வகுப்புக்காக நான் வாங்கிய பெட்டி கொஞ்சம் வேறு வகை. நிறம் வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். நான் வாங்கியது சிவப்பு. ரெட் டேப், ரெட் ஹெரிங், ரெட் கார்ப்பெட், காட் ரெட்-ஹேண்டட் என்று சிவப்பு வருகிற தொடர்கள் மட்டும், மொத்தம் 40 அட்டைகள். விலை 320 ரூபாய்.

வெளியிட்டது ஒரு சின்னப் பதிப்பகம். பெயரை இங்கே போடவில்லை. குறைகளை எல்லாம் அவர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டேன். எந்தப் பதிப்பகத்தின் அட்டையை வாங்கினாலும் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அச்சைப் பற்றி. நான் வேலை பார்ப்பது சிவகாசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். என் வகுப்பில் பல பேருடைய அப்பாவோ அம்மாவோ அச்சகத்தில் இருப்பவர்கள். ஆகவே அட்டையின் தரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாணவி பெட்டியைத் திறந்ததும் ஓர் அட்டையின் மூலையை வளைத்துப் பார்த்தாள், விரலால் தேய்த்தாள், "நல்ல போர்டு டீச்சர், மேட் லேமினேஷன் போட்டிருக்காங்க, சீக்கிரம் முனை மடங்காது" என்றாள். இன்னொருவன் ரெட்-ஐ அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிவப்பு மட்டும் ஒரு நூல் அளவு விலகி விழுந்திருப்பதைக் காட்டினான். உண்மைதான். படத்தில் உள்ள ராத்திரி விமானத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தனியாகத் தெரிகிறது. மற்ற அட்டைகளில் அந்தக் குறை இல்லை. முப்பது பிள்ளைகள் கை மாறிய பிறகும் அட்டைகள் இன்னும் புதிதாகவே இருக்கின்றன. எழுத்து பெரியது, கடைசி பெஞ்சு வரை தெரியாவிட்டாலும் மூன்றாவது பெஞ்சு வரை தெரிகிறது.

அமைப்பு எல்லா அட்டைக்கும் ஒன்றுதான். முன்பக்கம் படமும் தொடரும். பின்பக்கம் பொருள், தமிழில் அதற்கு நிகரான வழக்கு, ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம், கடைசியில் 'எப்படி வந்தது' என்று ஒரு குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்புதான் பெட்டியின் உயிர். மரபுத்தொடரைப் படிக்கிற பிள்ளைக்கு முதலில் எழுகிற கேள்வி 'இதில் எதுக்கு சிவப்பு?' என்பதுதான். ஒரு காலத்தில் நிஜமாகவே ஏதோ ஒன்று சிவப்பாக இருந்திருக்கிறது: ஒரு நாடா, ஒரு மை, ஒரு மீன், ஒருவனுடைய கை. அந்தப் பொருளைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் தொடர் மறக்காது. எந்த அட்டை அதைச் செய்திருக்கிறதோ அது என் வகுப்பில் வென்றது. எது பொய்க்கதை சொல்லியதோ, எது சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வைத்ததோ, அது தோற்றது.

மிக நன்றாக வந்திருப்பது 'காட் ரெட்-ஹேண்டட்'. படத்தில் ஒரு கை, விரல்களில் ரத்தம். பின்பக்கத்தில், இது ஸ்காட்லாந்துச் சட்ட மொழியில் பிறந்தது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1432ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 'ரெட் ஹேண்ட்' வந்துவிட்டது. கொலை செய்தவன் கையில் ரத்தம் காயும் முன்பே பிடிபட்டால் அதற்குமேல் சாட்சி தேட வேண்டியதில்லை அல்லவா, அந்த நிலைமைக்குத்தான் அந்தப் பெயர். 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட் அதை 'ரெட்-ஹேண்டட்' என்று எழுதினார், பிறகு எல்லாக் குற்றத்துக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் 'கையும் களவுமாக' என்று கொடுத்திருக்கிறார்கள். இதைவிடச் சரியான நிகர் கிடையாது. இரண்டு மொழியிலும் கைதான் மாட்டிக்கொள்கிறது.

இந்த அட்டையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "ரசாயனம் தடவிய நோட்டுன்னு பேப்பர்ல போடுறாங்களே டீச்சர், அது என்ன ரசாயனம்?" லஞ்ச ஒழிப்புத் துறை வைக்கிற பொறியைப் பற்றிக் கேட்கிறான். நான் அவர்களை வேதியியல் ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பினாப்தலீன் தூளை ஒரு வெள்ளைத் தாளில் லேசாகத் தூவித் தட்டிவிட்டார். தாளில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பஞ்சுத் துண்டால் அந்தத் தாளைத் துடைத்தார். பஞ்சும் வெள்ளையாகவே இருந்தது. பிறகு சோடியம் கார்பனேட் கரைசல் இருந்த பீக்கருக்குள் பஞ்சைப் போட்டார். போட்ட இடத்திலிருந்து இளஞ்சிவப்பு நூல் நூலாகக் கிளம்பி, கலக்கிவிட்டதும் பீக்கர் முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. தூள் தடவிய நோட்டை வாங்கியவருடைய விரல்களை இந்தக் கரைசலில்தான் கழுவச் சொல்கிறார்கள், நிறம் மாறிய கரைசலைப் புட்டியில் ஊற்றி முத்திரை வைத்து நீதிமன்றத்துக்குச் சாட்சியமாகக் கொண்டுபோகிறார்கள் என்று அவர் விளக்கினார். டைட்ரேஷன் செய்யும்போது பார்க்கிற அதே நிறம் என்று அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் ரத்தம், இங்கே பினாப்தலீன், இரண்டிலும் கை சிவக்கிறது. இந்தத் தொடரை அந்த வகுப்பு இனி எந்தக் காலத்திலும் மறக்காது. பதிப்பகத்தார் அடுத்த அச்சில் இதை ஒரு வரி சேர்க்கலாம், இந்திய மாணவனுக்கு ஸ்காட்லாந்தைவிட இது கிட்டத்தில் இருக்கிறது.

அடுத்து 'ரெட்-லெட்டர் டே'. சிவகாசியில் இருந்துகொண்டு இந்த அட்டையை ஒரு குறையும் இல்லாமல் பாராட்ட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. படம் அழகு: பழைய தேவாலய நாட்காட்டி ஒன்று, திருநாட்கள் மட்டும் சிவப்பு மையில். குறிப்பும் சரி. ஐரோப்பாவின் மடங்களில் கையால் எழுதிய நாட்காட்டிகளில் பண்டிகை நாட்களைச் சிவப்பில் எழுதும் வழக்கம் இருந்தது. 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட பொது வழிபாட்டு நூலின் நாட்காட்டி அந்த வழக்கத்தை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது. லண்டன் உயர் நீதிமன்றத்தில் இன்றைக்கும் சில நாட்களை 'ரெட்-லெட்டர் டே' என்றே வைத்து, நீதிபதிகள் அன்று கருஞ்சிவப்பு அங்கி அணிகிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு தமிழில் 'சிவப்பு எழுத்து நாள்' என்று போட்டுவிட்டார்கள். எந்தத் தமிழன் அப்படிப் பேசுகிறான்? 'பொன்னாள்' இருக்கிறது, 'வாழ்நாளில் மறக்க முடியாத நாள்' இருக்கிறது.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டு அட்டையை வகுப்பில் கொடுத்தால் பாடம் தானாகவே நடக்கும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகிற ஊர் இது. தினசரி காலண்டரில் எந்தத் தேதி சிவப்பில் வரும், எது கறுப்பில் வரும் என்பது இங்கே பிள்ளைகளுக்குப் பால் குடி மறந்ததிலிருந்தே தெரியும். ஒரு தவறான தேதி சிவப்பில் விழுந்துவிட்டால் கட்டுக் கட்டாகத் தாள் வீணாகும் என்று ஒருத்தி சொன்னாள், அவள் அம்மா காலண்டர் பைண்டிங்கில் இருக்கிறார். "அப்போ ஞாயித்துக்கிழமை எல்லாமே ரெட்-லெட்டர் டேயா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டது நல்ல கேள்வி. இல்லை. நம் காலண்டரில் சிவப்பு என்றால் விடுமுறை. ஆங்கிலத்தில் இந்தத் தொடர் இன்றைக்கு ஒருவருடைய வாழ்க்கையில் நல்லது நடந்த நாளைக் குறிக்கிறது. ரிசல்ட் வந்த நாள், வேலை கிடைத்த நாள், வீட்டில் முதல் பட்டதாரி பட்டம் வாங்கிய நாள். அது திங்கட்கிழமையாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை அட்டை சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அதே சிவப்பு மை இன்னோர் இடத்தில் நேர் எதிராகப் போகிறது. 'இன் த ரெட்' என்றால் கணக்கு நஷ்டத்தில் இருக்கிறது. பேரேட்டில் நஷ்டத்தைச் சிவப்பு மையிலும் லாபத்தைக் கறுப்பு மையிலும் எழுதிய வழக்கத்திலிருந்து அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவிய தொடர். 'இன் த பிளாக்' அதன் எதிர்ச்சொல். தமிழுக்கு 'துண்டு விழுகிறது' என்று கொடுத்திருக்கிறார்கள். அருமையான தேர்வு, நிதிநிலை அறிக்கைச் செய்தியிலும் வருகிறது, வீட்டில் மாதக் கடைசியிலும் வருகிறது. இதை விளக்க எனக்கு வங்கிப் புத்தகம் தேவைப்படவில்லை. ரேங்க் கார்டில் ஃபெயில் மார்க்கைச் சிவப்பில் எழுதுவோமே, அதைச் சொன்னேன். யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது பெட்டியின் மோசமான அட்டைக்கு வருகிறேன்: 'ரெட் ஹெரிங்'. கவனத்தைத் திசைதிருப்புவது என்று பொருள். படத்தில் தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் மாதிரி பளபளவென்று ஒரு சிவப்பு மீன் நீந்துகிறது. தமிழில் 'சிவப்பு மீன்'. இரண்டுமே தப்பு. ஹெரிங் கடலில் இருக்கும்போது வெள்ளி நிறம், நம்முடைய மத்தி மீனுக்குச் சொந்தக்கார மீன். அதை நிறைய உப்பில் ஊறவைத்து, முழுதாகவே நாள்கணக்கில் புகையில் தொங்கவிட்டால் உடம்பு செம்பழுப்பாக மாறும், இரும்பு மாதிரி இறுகும், மாதக்கணக்கில் கெடாது. அதுதான் ரெட் ஹெரிங். சுருக்கமாகச் சொன்னால் புகைபோட்ட கருவாடு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் ஊர் அதற்குப் பேர்போனது. கருவாடு என்று சொன்ன உடனேயே வகுப்பில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக் காட்டினார்கள். அந்த நாற்றம்தான் தொடரின் அடிப்படை! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அலங்கார மீனைப் போட்டால் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

குறிப்பிலும் பொய்க்கதை. சிறையிலிருந்து தப்பிய கைதிகள் போலீஸ் நாய்களை ஏமாற்ற இந்த மீனை வழியில் தேய்த்துவிட்டு ஓடினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இணையம் முழுக்கச் சுற்றுகிற கதை இது, ஆதாரம் கிடையாது. வேட்டை நாய்களைப் பழக்க இந்த மீனைப் பயன்படுத்தினார்கள் என்பது இன்னொரு கதை. அதற்கு மூலமாகக் காட்டப்படுகிற 17ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து வேட்டைக் குறிப்பு பேசுவது நாய்களைப் பற்றியே இல்லை. நாய்க்கூட்டத்தின் பின்னால் ஓட குதிரையைப் பழக்குவது எப்படி என்று அது சொல்கிறது: செத்த பூனையையோ நரியையோ தரையில் இழுத்துக்கொண்டு போங்கள், கிடைக்காவிட்டால் ரெட் ஹெரிங்கை இழுங்கள் என்று. பிற்காலத்தில் அதைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள்.

உண்மையில் கவனத்தைத் திசைதிருப்புவது என்ற பொருளை இந்த மீனுக்கு ஏற்றிவிட்டவர் வில்லியம் கோபெட் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1807 பிப்ரவரியில் தன்னுடைய 'பொலிட்டிகல் ரெஜிஸ்டர்' வார இதழில் எழுதினார். சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்திவந்த நாய்களை, கயிற்றில் கட்டிய ரெட் ஹெரிங்கை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் திசை மாற்றிவிட்டதாக ஒரு கதை சொன்னார். சொன்னது முயலுக்காக அல்ல. நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, உள்நாட்டு விவகாரங்களைக் கோட்டைவிட்ட ஆங்கிலப் பத்திரிகைகளைக் கண்டிப்பதற்காகச் சொன்னார். அந்தச் சிறுவயதுக் கதையை அவரே புனைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஆனால் தொடருக்கு அதுதான் பிறப்பிடம்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பதினாறு வயதுப் பிள்ளைகள் கையில் ஃபோன் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பொய்ச் செய்திக்கு நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கைதி ஓடிய கதையைவிட, பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைப் பற்றிய கதை எவ்வளவோ தேவை. உண்மையான வரலாறு இவ்வளவு சுவையாக இருக்கும்போது எதற்குக் கற்பனை? தமிழில் 'திசைதிருப்புவது' என்று எழுதியிருந்தாலே போதும். துப்பறியும் கதைகளில் இவன்தான் கொலைகாரன் என்று வேண்டுமென்றே நம்மை நம்பவைக்கிறார்களே, அந்த ஆள்தான் ரெட் ஹெரிங் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

'பெயின்ட் த டவுன் ரெட்' அட்டையிலும் இதே அவசரம். 1837 ஏப்ரலில் வாட்டர்ஃபோர்ட் பிரபுவும் நண்பர்களும் குடித்துவிட்டு மெல்டன் மோப்ரே என்ற ஆங்கில ஊரில் சுங்கச்சாவடியையும் வீட்டுக் கதவுகளையும் சிவப்புப் பெயின்ட் அடித்து நாசம் செய்தார்கள். அது நடந்த விஷயம், சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தொடர் அச்சில் தலைகாட்டுவது 1880களில், அதுவும் அமெரிக்காவில். நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல், ஒரு சமுத்திரம் வேறு. 'இதிலிருந்து வந்தது' என்று அடித்துச் சொல்லக்கூடாது, 'இதோடு சேர்த்துச் சொல்வார்கள்' என்றால் போதும். தமிழில் 'ஊருக்குச் சிவப்பு வண்ணம் பூசுதல்' என்று இருக்கிறது. அதை ஒரு பிள்ளை பரீட்சையில் எழுதினால் நான் எப்படி மார்க் போடுவது? 'கூத்தும் கும்மாளமுமாக ஊரைச் சுற்றினார்கள்' என்று சொல்ல நமக்கு என்ன குறை?

'ரெட் டேப்' அட்டையில் எழுத்து சரி, படம் தப்பு. சிவப்பு செல்லோடேப் சுருள் ஒன்றை வரைந்துவைத்திருக்கிறார்கள். படம் வரைந்தவர் டேப் என்றதும் ஒட்டுகிற டேப்பை நினைத்துவிட்டார். அது துணி நாடா. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சட்டப் பத்திரங்களையும் அரசாங்கக் காகிதங்களையும் சிவப்பு நாடாவால் கட்டிவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கார்லைல், டிக்கன்ஸ் போன்ற எழுத்தாளர்கள் அதிகாரிகளைச் சாட அந்த நாடாவையே சாட்டையாக எடுத்தார்கள். லண்டன் வழக்கறிஞர்கள் இன்றும் வழக்குக் கட்டுகளை இளஞ்சிவப்பு நாடாவால்தான் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு நாடா என்றால் பாவாடை நாடாவிலிருந்தே தெரியும், அதனால் படத்தை மறைத்துவிட்டு நான் ஒரு கோப்புக் கட்டையும் நாடாவையும் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டை அவிழ்த்தால்தான் உள்ளே இருக்கிற மனு வெளியே வரும், அவிழ்க்க யாரும் தயாராக இல்லை. அவ்வளவுதான் விளக்கம். தமிழில் 'சிவப்பு நாடா முறை' பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது, அட்டையும் அதைத் தந்திருக்கிறது. கூடவே 'நடையாய் நடக்க வைப்பது' என்றும் போட்டிருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ அலைந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று சொல் போதும்.

'ரெட் கார்ப்பெட்' அட்டை பெருமைப்பட வைத்தது. 'ரத்தினக் கம்பளம் விரித்து வரவேற்றார்கள்' என்ற நம் வழக்கை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். குறிப்பும் வளமானது. கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய எஸ்கிலசின் 'அகமெம்னான்' நாடகத்தில், டிராய் போரில் வென்று திரும்பும் மன்னன் காலடியில் அவன் மனைவி செந்நிறத் துணிகளை விரிக்கச் சொல்கிறாள். தெய்வங்களுக்கு உரியது என்று அவன் தயங்குகிறான், பிறகு மிதித்து உள்ளே போகிறான், உள்ளே அவனைக் கொன்றுவிடுகிறாள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே 1902இல் தொடங்கிய 'ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்' ரயிலில் ஏறுகிற பயணிகளுக்கு நடைமேடையில் சிவப்புக் கம்பளம் விரித்த செய்தியும் இருக்கிறது. ஆஸ்கர் விழாவுக்குக் கம்பளம் வந்தது 1961இல்தான். பிள்ளைகள் ஆஸ்கர்தான் தொடக்கம் என்று நினைத்திருந்தார்கள்.

சின்ன அட்டைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 'நாட் எ ரெட் சென்ட்': அமெரிக்காவின் பழைய ஒரு சென்ட் காசு செம்பால் ஆனது, அதனால் சிவப்பு. தமிழில் 'சிவப்பு பைசா கூட இல்லை' என்று போட்டிருக்கிறார்கள், 'சல்லிக்காசு கூட இல்லை' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'ரெட்-ஐ': ராத்திரி விமானம், அச்சு விலகியதைத் தவிர குறை இல்லை. 'ரெட் ஃப்ளாக்': ரயில்வே கேட்டில் சிவப்புக் கொடி பிடிக்கிற ஊழியர் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் அங்கேயே நின்றுவிட்டது. "அந்த ஆளு ரெட் ஃப்ளாக்" என்று ரீல்ஸ் பார்க்கிற பிள்ளைகள் இன்று சொல்வது, பழகும் முன்பே எச்சரிக்கை தருகிற குணத்தை. அந்தப் பொருளும் அட்டையில் வர வேண்டும். பெண் பிள்ளைகளிடம் நான் இதைக் கொஞ்ச நேரம் தனியாகவே பேசினேன்.

'சீ ரெட்' அட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கோபம் தலைக்கேறுவது என்று பொருள். காளைச் சண்டையில் சிவப்புத் துணியைக் கண்டு காளை சீறுவதிலிருந்து வந்தது என்று குறிப்பு. அப்படி நினைப்பவர்கள் பலர், ஆனால் காளைக்குச் சிவப்பைப் பிரித்துப் பார்க்கும் கண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மாட்டின் கண்ணில் இரண்டு வகை கூம்பு செல்கள்தான் உண்டு, நமக்கு மூன்று. ஸ்பெயினில் ஆட்டத்தின் தொடக்கத்தில் காட்டுவது மெஜந்தாவும் மஞ்சளும் கலந்த பெரிய துணி, சிவப்புத் துணி கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. இரண்டின் மேலும் காளை ஒரே மாதிரி பாய்கிறது, ஏனென்றால் அது பார்ப்பது அசைவை. மதுரைப் பக்கம் மாமா வீட்டில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற பையன் ஒருவன், "எந்தக் கலர் சட்டை போட்டாலும் ஆடாம நின்னா ஒண்ணும் செய்யாது டீச்சர்" என்று தன் அனுபவத்தைச் சொன்னான்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் வேறு. தமிழ்ப் பகுதியில் 'கடும் கோபம்' என்று மொட்டையாக எழுதி விட்டுவிட்டார்கள். கண் சிவப்பது, முகம் சிவப்பது எல்லாம் நம்மிடம் இல்லையா? தொல்காப்பியர் உரியியலில் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று நூற்பாவே வைத்திருக்கிறார். அடுத்த நூற்பாவில்தான் இவை நிறத்தையும் குறிக்கும் என்கிறார். கோபம் முதலில், நிறம் பிறகு! ஆங்கிலத்தின் 'சீ ரெட்' அச்சில் வந்தே நூறு வருடத்துச் சொச்சம்தான் ஆகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில வகுப்பில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு வரி தருகிற நிமிர்வு சாதாரணமானதில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதும், வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து 'கண் சிவந்தான்' என்பதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னாள், 'ஹீ சா ரெட்' என்று இறந்தகாலத்தையும் சரியாக மாற்றி. பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தில் முதல் கோரிக்கையாக இதைத்தான் வைத்திருக்கிறேன்: சீ ரெட் அட்டையில் தொல்காப்பிய வரி வர வேண்டும்.

ஒலி வசதி ஒன்று இருக்கிறது. அட்டை மூலையில் உள்ள கட்டத்தை ஃபோனில் ஸ்கேன் செய்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஒரு பெண் குரல் வாசிக்கிறது. நிதானமான, நம் காதுக்குப் பழகிய உச்சரிப்பு. வெளிநாட்டுக் குரலைப் போட்டுப் பயமுறுத்தாததற்கு நன்றி. ஆனால் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியாக இணையப் பக்கம் திறக்கிறது, எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பதே ஜன்னலோரம்தான். எல்லா ஒலியையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ள வழி செய்தால் கிராமத்துப் பள்ளிகளுக்குப் பெரிய உதவி. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் நிறைய ஜான்களும் மேரிகளும் லண்டனில் அலுவலகம் போகிறார்கள். நான் அவற்றை மாற்றிப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன், மேட் லேமினேஷனில் பென்சில் நன்றாகப் பிடிக்கிறது.

யாருக்கு வாங்கலாம்? பத்தாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்கு, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு, ஆங்கில ஆசிரியர்களுக்குத் தாராளமாக. 320 ரூபாய்க்கு இந்த அச்சும் இந்த உழைப்பும் மலிவு. தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளையிடம் கொடுப்பதாக இருந்தால் ரெட் ஹெரிங், பெயின்ட் த டவுன் ரெட் இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். ரெட் டேப் படத்தைத் திருத்திச் சொல்லுங்கள், ரெட்-லெட்டர் டே, ரெட் சென்ட் இரண்டிலும் தமிழ் வரியை மாற்றி எழுதுங்கள். மற்றவை அப்படியே இருக்கலாம். நீலப் பெட்டியும் வந்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் திருத்திய சிவப்பு வந்த பிறகுதான் அதை வாங்குவேன்.